நேரம் முடிந்தது, மீண்டும் முயலவும்

ஆவணி 2, செவ்வாய்

கால் கட்டு இன்னும் பிரிக்கவில்லை. எலும்பு கூடவில்லையாம். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பாட்டிம்மா, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வாங்க" என்றார். நான் அவருக்குப் பாட்டியும் இல்லை, அம்மாவும் இல்லை. பழனாத்தாள் என்று சீட்டில் எழுதியிருக்கிறது.

ஒன்பதாவது மாடி. புறா வராமல் இருக்கப் பால்கனியில் வலை அடித்திருக்கிறார்கள். புறா வெளியே கம்பியில் உட்கார்ந்துகொண்டு உள்ளே இருக்கிற என்னைப் பார்க்கிறது.

ஆனி மாதம் ஊரில் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். அன்றே கோகிலவாணி கார் எடுத்துக்கொண்டு வந்து கோயமுத்தூருக்குத் தூக்கிவந்துவிட்டாள். இறந்துபோன என் மகன் தனபாலின் பெண்டாட்டி. அவளோடு நான் பேசுவதில்லை. அவன் போய் ரெண்டு வருசம், அன்றிலிருந்து. வாய் சும்மா இருந்தால் கை சும்மா இருக்காது, அதனால் உரக்கடையில் கொடுத்த இந்த டைரி. மூன்றாம் வகுப்பு எழுத்துத்தான். எனக்குப் புரிந்தால் போதும்.

பேசாமல் எப்படி ஒரே வீட்டில் இருப்பது என்றால், கூடத்தில் தனபால் படம் இருக்கிறது. "தனபாலு, காப்பி ஆறிப்போச்சு" என்பேன். அவள் சுட வைத்துக் கொண்டுவந்து, "இந்தாங்கத்தை" என்பாள். அவள் மட்டும் நேராகவே பேசுகிறாள். இன்று பதில் சொல்லாவிட்டால் நாளைக்கும் கேட்பாள். ரோசம் இல்லாத பிறவி.

சாயந்திரம் நாலரைக்கு அவள் கம்ப்யூட்டர் கத்தியது. சர்வர் நின்றுவிட்டதாம். நேற்றுக் காலை ஒன்பதுக்கும் இப்படித்தான் கத்தியது.

ஆவணி 3, புதன்

அவள் வேலை பார்ப்பது வரன் பார்த்துக் கொடுக்கிற கம்பெனி. பெங்களூரில் ஆபீஸ், இவள் வீட்டிலிருந்தே பார்க்கிறாள். லட்சக்கணக்கான ஜாதகத்தை எங்கோ ஒரு பெரிய கம்ப்யூட்டரில் அடுக்கி வைத்திருக்கிறார்களாம். அதுதான் சர்வர். பெற்றவர்கள் போனில் கேட்கிறதை அது எடுத்துக் கொடுக்க வேண்டும். அது ஒழுங்காக எடுத்துக் கொடுக்கிறதா என்று பார்ப்பது இவள் பொறுப்பு.

எந்த வாயால் சிரிப்பது? ஜாதகமே பார்க்காமல் என் மகனைக் கட்டியவள். தை பதினாறு, வெள்ளிக்கிழமை, ரிஜிஸ்டர் ஆபீஸில். ஐந்து பேர் போனார்கள். அதில் நான் இல்லை.

இன்று ஒன்றரைக்கு மறுபடியும் நின்றது. அவள் பக்கத்தில் நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்று திரையை எழுத்துக்கூட்டிப் படித்தேன். "நேரம் முடிந்தது. மீண்டும் முயலவும்."

"தனபாலு, யாருக்கு நேரம் முடிஞ்சுதாம்?" என்றேன்.

அவள் திரும்பாமலே சொன்னாள். "கேட்டதுக்குப் பதில் வருதான்னு முப்பது செகண்டு பாக்குமுங்கத்தை. வரலேன்னா போதும்னு விட்டுரும். அதுக்குப் பேரு டைம்அவுட்டு."

முப்பது செகண்டு! என் அண்ணன் கல்யாணத்தில் இணைச்சீருக்கு, மாப்பிள்ளையோடு கூடப்பிறந்தவள் உட்கார வேண்டிய அந்த இடத்தில், பெரியப்பன் மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்தான். நான் சேலை கட்டித் தயாராக நின்றேன். ஏன் என்று கேட்டு நாற்பத்தெட்டு வருசம் ஆகிறது. இன்னும் காத்துக்கொண்டுதான் இருக்கிறேன். நான் விட்டுவிடவில்லை.

ஆவணி 5, வெள்ளி

முருங்கைக் கீரை உருவினேன். நேற்று மூன்று மணிக்கு நின்ற சர்வர் இன்று பன்னிரண்டு மணிக்கு நின்றது. மேனேஜர் ஸ்ரீவத்சன் போனில் வந்தான். அவள் கை ஓயாமல் தட்டிக்கொண்டிருந்ததால் போனை மேஜையில் வைத்தே பேசினாள். எல்லாம் என் காதில் விழுந்தது. ஒட்டுக்கேட்க நான் எங்கேயும் போகவில்லை, போகவும் முடியாது.

"கோகிலா, ஆடிக் கடைசியில சர்வர்ல நீங்க போட்ட மாத்தம்தான் காரணம்னு எல்லாரும் சொல்றாங்க. அதுக்கு முன்னாடி நல்லா ஓடிக்கிட்டு இருந்தது."

"அத எடுத்துட்டுப் பார்த்தாச்சுங்க சார். எடுத்தாலும் நிக்குது. ஒரே நிமிசத்துல ஆயிரக்கணக்குல வந்து முட்டறாங்க. அதுல மூச்சுத் திணறி நிக்குது."

"அதையும் ஒரு கணக்கா பண்ணா பரவால்ல. ஒரு நாள் ஒன்றரை, ஒரு நாள் மூணு, இன்னைக்குப் பன்னெண்டு. எவனோ போட்டிக் கம்பெனிக்காரன் வேணும்னே ஆள் வெச்சு அடிக்கறான். வர்றவங்கள நிறுத்துங்க."

"நெஜமா வரன் பாக்கறவங்களும் அதுல இருப்பாங்க சார்."

"இருக்கட்டும். அடுத்த வெள்ளிக்கிழமை சாயந்திரம் வரைக்கும் டைம். அதுக்குள்ள என்னன்னு கண்டுபிடிக்கணும். இல்லேன்னா இந்த வேலை உங்க கையில இருக்காது. பெங்களூர் வந்து வேற டீம்ல சேந்துக்கங்க, இல்ல ராஜினாமா பேப்பர் போட்டுருங்க. வேற வழியில்ல."

"பெங்களூர் வர முடியாதுங்க சார். எங்கத்தை இருக்காங்க. அவங்களுக்கு அந்த ஊர் சேராது."

எனக்குப் பெங்களூர் சேராது என்று இவளிடம் யார் சொன்னது? நான் பெங்களூரைப் பார்த்ததே இல்லை. தன் வசதிக்கு என் பெயரை இழுக்கிறாள்.

கீரை அதிகம். பொரியலுக்குத் தேங்காய் போதவில்லை.

ஆவணி 6, சனி

பத்தரைக்குக் கம்ப்யூட்டர் கத்தியது. குளித்துக்கொண்டிருந்தவளுக்குக் கேட்கவில்லை. நறுக்க எடுத்த வெண்டைக்காயை வைத்துவிட்டு நான் நடைவண்டியோடு மேஜைக்குப் போனேன். திரையில் வரன் பக்கம் ஒன்று பாதி திறந்து நின்றிருந்தது. போட்டோவைப் பார்த்தேன்.

அவள் போட்டோ. மாம்பழக் கலர் சேலை. தனபால் தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்தது.

பெயர் கோகிலவாணி. வயது முப்பத்தாறு. மறுமணம்.

அதற்குக் கீழே ஒன்றும் வரவில்லை. ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நின்று பார்த்தேன். சுற்றியது, சுற்றியது, நேரம் முடிந்தது, மீண்டும் முயலவும் என்று காட்டிவிட்டு எல்லாம் மறைந்துபோயிற்று.

நான் ஒன்றும் நினைக்கவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கினேன். விரலையும் சேர்த்து. அவள் ஈரத் தலையோடு ஓடிவந்து மஞ்சள் வைத்துக் கட்டினாள். "என்ன யோசனைங்கத்தை?" என்று கேட்டாள். கையை இழுத்துக்கொண்டேன்.

ஆவணி 7, ஞாயிறு

என் மகள் வேலுமணிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை.

ஆவணி 8, திங்கள்

வேலுமணி கூப்பிட்டாள். கட்டுப் பிரித்ததும் தாராபுரம் வந்துவிடுகிறேன் என்றேன்.

"வாம்மா, வராம? ஆனா இங்க மாடிப்படி. கக்கூசும் கீழ ஒக்கார்ற மாதிரிதான். உங்க மாப்பிள்ளை புதுசாக் கட்டோணும், கட்டோணும்கறாரு. தை பொறக்கட்டும்மா."

சரி கண்ணு என்றேன். ஊர் வீட்டில் கொழுந்தன் மகன் நாலு தறி போட்டு ஓட்டுகிறான். தறிச் சத்தத்தில் தூங்கப் பழகிக்கொள்ளலாம், பாய் விரிக்கத்தான் இடம் கிடையாது. இதை எழுதி வைப்பது மறந்துவிடக்கூடாது என்பதற்காக. வருத்தம் எல்லாம் இல்லை.

இன்றும் காலை ஒன்பதுக்கு அந்தச் சனியன் நின்றது. அவள் சுட்டு வைத்த இட்லி அப்படியே இருந்தது. ஈ மொய்க்குமே என்று மூடி வைத்தேன்.

ஆவணி 9, செவ்வாய்

மேனேஜர் சொன்னபடி வருகிறவர்களில் ஒரு பகுதியை நிறுத்திவிட்டார்கள். அப்படியும் அது நிற்கிறது. நிறுத்தியதும், வர முடியாதவர்கள் எல்லாம் போனில் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். மற்ற ஆட்கள் போதாமல் அதில் பாதி இவளுக்கு வருகிறது. சாயந்திரம் கோபிச்செட்டிபாளையத்திலிருந்து ஒருத்தர், குரலைக் கேட்டால் மிராசு போல.

"ஏனுங் அம்முணி, பொண்ணுக்கு ஒரு பையன் அமைஞ்சிருக்குது. நல்ல நேரத்துல சம்மதம்னு பொத்தான அமுக்கலாம்னு பாத்தா, ராட்டினமாட்ட சுத்திக்கிட்டே கெடக்குது. பையனை வேற எவனாச்சும் தட்டிக்கிட்டுப் போனா நீங்களா பொறுப்பு?"

"மன்னிச்சுக்கங்க. சித்த நேரம் கழிச்சு மறுபடி முயற்சி பண்ணுங்க."

"சித்த நேரங் கழிச்சா எமகண்டமாட்ட எதாச்சும் வந்துரும்ங்."

மன்னிச்சுக்கங்க, மன்னிச்சுக்கங்க என்று சொல்லிச் சொல்லியே அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. போனை வைத்தபோது நான் தனபாலைப் பார்த்துச் சொன்னேன். "போறவங்க போகட்டும். போறப்ப ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகச் சொல்லு. ராத்திரியோட ராத்திரியா ஓட வேண்டாம்."

அவள் திகைத்துப் பார்த்தாள். "நான் எங்கயும் போகலீங்கத்தை. பெங்களூருக்குப் போக மாட்டேன்னு அன்னைக்கே சொல்லிட்டனே?"

பெங்களூராம். போட்டோவோடு போட்டு வைத்துவிட்டு, பெங்களூராம்.

ஆவணி 10, புதன்

ரசம். அப்பளம். அவள் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை. எனக்குப் பசியில்லாததற்கு வேறு காரணம்.

ஆவணி 11, வியாழன்

மூன்று மணிக்கு நின்றதும் மேனேஜர் கூப்பிட்டான். இந்தத் தடவை கத்தவில்லை. "உங்க வேலைய யார்கிட்ட ஒப்படைக்கறதுன்னு நாளைக்குச் சாயந்திரம் மெயில் அனுப்பறேன்" என்றான். கத்தியிருந்தாலே தேவலை.

அவள் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். பாத்திரம் ஒன்றும் கிடையாது, நான் மத்தியானமே கழுவிக் கவிழ்த்துவிட்டேன். தண்ணீர் வெகுநேரம் ஓடியது.

தனபால் போன மூன்றாம் நாள், பால் தெளித்துவிட்டு வந்த ஈரம் காயவில்லை, இவள் உள் அறையில் கம்ப்யூட்டரைத் திறந்துவைத்து உட்கார்ந்தாள். சுற்றத்தார் அத்தனை பேரும் பார்த்தார்கள். என் கொழுந்தன் பெண்டாட்டி என் காதில் சொன்னாள், "உம் மருமகளுக்குக் கல்நெஞ்சு." அந்தச் சொல்லை நான் மறக்கவில்லை, சொன்னவளையும் மறக்கவில்லை, உட்கார்ந்தவளையும் மறக்கவில்லை.

அன்றைக்கும் இந்தக் குழாய்ச் சத்தம் கேட்டது. பாத்திரம் கழுவுகிறாள் என்று நினைத்திருந்தேன்.

ஆவணி 12, வெள்ளி

கட்டுப் பிரிக்கிற நாள். பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பத்தே முக்காலுக்குக் கோகிலவாணி கார்ச் சாவியோடு வந்து நின்றாள். "கெளம்பலாமுங்களா அத்தை?"

நான் நாற்காலியை விட்டு எழவில்லை. "தனபாலு, வெள்ளிக்கிழமை பத்தரை பன்னெண்டு ராகு காலம். கட்டுப் பிரிக்கப் போற காலு. பன்னெண்டு அடிக்காம வாசப்படி தாண்ட மாட்டேன்."

அவளுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. இன்று பார்த்தேன். சாவியை மேஜையில் வீசினாள். "இன்னைக்குச் சாயந்திரம் என் வேலை போகப்போகுதுங்கத்தை. மத்தியானத்துக்குள்ள திரும்பி வந்து ஒரு தடவையாச்சும் பாக்கலாம்னு இருந்தேன். உங்களுக்கு ராகு காலம். எனக்கு ரெண்டு வாரமா பூராவும் ராகு காலந்தான்!"

நான் சுவரைப் பார்த்தேன். அவள் செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசல் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டாள்.  நான் கடிகார முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு. நடைவண்டியை ஊன்றி எழுந்து வாசலைப் பார்த்து ஒரு அடி வைத்தேன். அவள் மடியில் இருந்த கம்ப்யூட்டர் வீல் என்று கத்தியது.

அவள் திரையைப் பார்த்தாள். தூக்கின காலோடு நின்ற என்னைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தேன்.

"அத்தை, நீங்க மட்டும் இல்லீங்க. ஊரே வாசப்படியில நின்னுட்டு இருந்திருக்குது!"

எழுந்து ஓடிப்போய்த் தினசரி காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தாள். "செவ்வாய் மூணு, நாலரை. நாலரைக்கு நின்னுது. புதன் பன்னெண்டு, ஒன்றரை. ஒன்றரைக்கு நின்னுது. வியாழன் மூணு. அய்யோ, எங்கம்மாவும் இதையேதான சொல்லும், எனக்கேன் இது தோணாமப் போச்சு?" நெற்றியில் அடித்துக்கொண்டாள். போனைப் போட்டாள்.

"சார், யாரும் நம்மள அடிக்கலீங்க. எல்லாம் பெத்தவங்கதான். ஆடியில யாரும் வரன் பேச மாட்டாங்க. ஆவணி பொறந்துது, ஆனா ராகு காலத்துல சம்மதம்னு அமுக்குவாங்களா? தெறந்து வெச்சுக்கிட்டே ஒக்காந்திருக்காங்க. முடிஞ்ச அந்த நிமிசத்துல அத்தன பேரும் ஒண்ணா அமுக்கறாங்க. கெழமைக்குக் கெழமை ராகு காலம் மாறுமில்லீங்களா, அதனாலதான் நமக்குக் கணக்குப் புரியலே."



"ராகு காலமா? கோகிலா, இத நான் மேல எப்படி எழுதறது?"

"எப்படியோ எழுதுங்க. இனி எந்த நேரத்துக்கு எத்தன பேரு வருவாங்கன்னு காலண்டர் சொல்லும். அதுக்கு முன்னாடியே இன்னும் ரெண்டு சர்வரச் சேத்து எழுப்பி வெச்சுக்கறேன். இன்னொண்ணும் இருக்குதுங்க சார். ஒருத்தர் தேடுனா அது மொத்த ஜாதகத்தையும் ஒண்ணு விடாமப் புரட்டுது. குலம், கூட்டம் வாரியாப் பிரிச்சு ஒரு அட்டவணை போட்டுட்டா, நேராப் போயி எடுத்துக்கும். அதக் கவனிக்காம விட்டது என் தப்பு. இன்னைக்கே போடறேன். தடுத்து வெச்சவங்களத் தெறந்து விடுங்க."

"சரி, நாளைக்குச் சனிக்கிழமை. எத்தனை மணிக்கு?"

"பத்தரை" என்றாள்.

கட்டைப் பிரிக்கையில் மணி இரண்டு. கால் குச்சி மாதிரி, சுருங்கி, வேறு யாருடைய காலோ போல இருக்கிறது. நடக்கலாமாம். நடந்து எங்கே போவது என்று டாக்டர் சொல்லவில்லை.

ஆவணி 13, சனி

பத்தேகாலுக்கு அவள் சமையலறையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டரை அடுப்பு மேடையில் மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். எனக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை. தண்ணீர் குடிக்கப் போனேன்.

பத்தரை ஆயிற்று. தோசை கருகியது. இரண்டு பேரும் திருப்பவில்லை. கம்ப்யூட்டர் கத்தவில்லை.

மேனேஜர் கூப்பிட்டான். "ஓடுது கோகிலா! நம்ம டீம் சாதிச்சிருச்சு!" என்றான். நேற்று வரைக்கும் அது அவள் தப்பு, இன்றைக்கு நம்ம டீம். இவன் பெயரையும் எழுதி வைக்கிறேன். ஸ்ரீவத்சன். வேலை அவள் கையிலேயே இருக்குமாம், கோயமுத்தூரிலேயே.

"எதுக்கும் ஒரு தடவ நானே பார்த்துக்கறேன்" என்று அவள் ஒரு பக்கத்தைத் தட்டினாள். வட்டம் சுற்றவில்லை. கண்ணை மூடித் திறப்பதற்குள் முழுசாக வந்துவிட்டது. மாம்பழக் கலர் சேலை. மறுமணம். அன்றைக்கு வராத கீழ்ப்பகுதியும் வந்தது. கூட்டம், நட்சத்திரம், உயரம், எல்லாவற்றுக்கும் கடைசியில் சிவப்பு எழுத்தில், "சோதனைக் கணக்கு. யாருக்கும் காட்டப்படாது."

நான் எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்கும்வரை அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரியா வேலை செய்யுதான்னு பாக்கறதுக்கு நானே எம் பேர்ல ஒண்ணு போட்டு வெச்சனுங்கத்தை. நிமிசத்துக்கு ஒருக்கா அதுவே தெறந்து பாத்துக்கும். பொய்யா ஒரு பேரு வெச்சா தேடறப்ப மறந்து போயிரும்னு." பிறகு குரல் இறங்கிவிட்டது. "அன்னைக்கு விரல வெட்டிக்கிட்டது இதப் பார்த்துட்டுத்தானா? அய்யோ அத்தை. இருங்க, இப்பவே அழிச்சுப்போடறேன்."

விரலைக் கொண்டுபோனாள்.

முப்பத்தாறு வயது. ஒன்பதாவது மாடி. வலை அடித்த பால்கனி. சுவரில் ஒரு படம், அதோடு பேசிக்கொண்டிருக்கிற ஒரு கிழவி. இவள் மூன்று வேளையும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், சாப்படறீங்களா, சாப்படறீங்களா என்று.

"அழிக்காதே" என்றேன். "அந்தச் சோதனைங்கற வார்த்தைய மட்டும் எடுத்துரு."

அவள் அடுப்பை அணைத்தாள்.  அப்புறம் கூடத்துப் பக்கச் சுவரைப் பார்த்துத் திரும்பினாள். என்றைக்கும் நேராகப் பேசுகிறவள், முதல் தடவையாக ஜாடை பேசினாள்.

"ஏனுங்க, உங்கம்மாகிட்டச் சொல்லுங்க. எனக்கொண்ணும் அவசரமில்லே. அப்படியே எவனாச்சும் வந்தாலும், எங்க ரெண்டு பேரையும் சேத்துத்தான் கூட்டிட்டுப் போகோணும். முடியாதுன்னா அவன் வரவே வேண்டாம்."

கருகின தோசையை நான் சாப்பிட்டேன். நல்லதை அவளுக்கு வைத்தேன்.

ஆவணி 17, புதன்

மூன்று பேர் கேட்டு எழுதியிருக்கிறார்கள். ஒன்றரைக்கு மேல்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு சரியென்றாள்.

முதல் ஆள் குளத்துப்பாளையம். அந்த ஊர்க்காரர்கள் என் நாத்தனார் நிச்சயத்துக்கு வந்து, காப்பியில் சீனி குறைவு என்று பாதியில் டம்ளரை வைத்துவிட்டுப் போனவர்கள். வேண்டாம். "அதுக்கு இவரு என்னுங்கத்தை பண்ணுவாரு, அப்பப் பொறந்திருக்கவே மாட்டாரே" என்றாள். பிறக்காவிட்டால் என்ன, ஊர் அதுதானே.

இரண்டாவது ஆள், மாமியார் கூட வருவது பற்றி யோசித்துச் சொல்கிறேன் என்று எழுதியிருக்கிறான். யோசிக்கிறவன் யோசித்துக்கொண்டே கிடக்கட்டும். அவன் பெயரும் எனக்கு மறக்காது.

"மூணாவத எடு" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே, "இப்ப எங்கூடத்தானுங்க பேசறீங்க?" என்று கேட்டாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. நான் தனபாலிடம்தான் சொன்னேன். அவன் படம் இருப்பது கூடத்தில், நாங்கள் இருந்தது சமையலறையில். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தால் அவனுக்குக் காது கேட்காதா?